பிறழ்நடத்தை: வரையறையின் வரலாறு

ஒருவரின் சிந்தனை, உணர்ச்சி, புலனறிவு, செயல் ஆகியவை அவருக்குத் துன்பம் தரும் வகையிலோ அன்றாட வாழ்வை முடக்கும் வகையிலோ மாறியிருக்கும் நிலையை உளவியலார் பிறழ்நடத்தை என்பர். எளிதாகத் தோன்றும் இவ்வரையறைக்குள், எது இயல்பு என்பதை எந்த அளவுகோலால் தீர்மானிப்பது, தீர்மானிக்கும் உரிமை யாருக்கு என்னும் கேள்விகள் அடங்கியுள்ளன. விழுப்புரம் மாவட்டத்தில் மரக்காணம் உப்பளக் கரைக்குத் தெற்கே, புதுச்சேரியை ஒட்டியுள்ள ஆரோவில்லும் அதைச் சூழ்ந்த ஊர்களும் இக்கேள்விகளை ஆராய்வதற்கு ஏற்ற களமாக உள்ளன.

எண்ணிக்கையைக் கொண்டு அளப்பது ஒரு முறை. பெரும்பாலோரிடம் காணப்படாதது பிறழ்வு என்று அது கொள்கிறது. சராசரி 100 ஆகவும் திட்டவிலக்கம் 15 ஆகவும் அமைந்த நுண்ணறிவுச் சோதனையில் 70க்குக் கீழ் பெறுவோர் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரே. ஆனால் 130க்கு மேல் பெறுவோரும் அதே அளவுக்கு அரியவர்கள் என்பதாலும், அவர்களை நோயாளிகள் என்று எவரும் சொல்வதில்லை என்பதாலும், அருமை மட்டுமே அளவுகோலாகப் போதாது.

சமூக நெறியை அளவுகோலாகக் கொள்வது இதனினும் பழையது, இதனினும் தீங்கு மிகுந்தது. அமெரிக்க மானிடவியலாளர் ரூத் பெனடிக்ட் 1934இல் எழுதிய கட்டுரையில், ஒரு பண்பாட்டில் பிறழ்வாகக் கருதப்படுவது மற்றொன்றில் மதிப்புக்குரியதாக இருக்கக் கூடும் என்று எடுத்துக்காட்டினார். அன்னை எனப்பட்ட மீரா அல்ஃபாஸா 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கிவைத்த ஆரோவில்லில், பல நாடுகளிலிருந்து வந்தோர், நிலமும் வீடும் தனியுடைமையாகாத ஏற்பாட்டில் வாழ்கின்றனர். சொந்த ஊரையும் வருவாயையும் சொத்தையும் விட்டு இங்கு குடியேறிய ஒருவரை, அவர் பிறந்த ஊரின் நெறியைக் கொண்டு அளந்தால் நெறி தவறியவர் என்றே கூற வேண்டியிருக்கும். மறுபுறம், இம்மாவட்டத்தின் ஊர்களில் திரௌபதியம்மன் தீமிதித் திருவிழாவின்போது சாமி வந்து ஆடுபவரை ஊரார் வணங்குகின்றனர். உலக நலவாழ்வு நிறுவனத்தின் பன்னாட்டு நோய்ப் பகுப்பின் பத்தாம் பதிப்பு இந்த வேறுபாட்டை ஏற்று, விருப்பத்திற்கு மாறாக, சமயச் சடங்குக்கோ பண்பாட்டு வழக்கத்திற்கோ வெளியே நேரும் ஆவேச நிலையை மட்டுமே கோளாறு என்று வகுத்தது.

தமிழகத்தில் மனநோயைத் தனித்துப் பகுத்த மரபு பழமையானது. சித்த மருத்துவம் அதைக் கிரிகை என்று பெயரிட்டு, வளி, அழல், ஐயம் ஆகியவற்றின் நிலைகுலைவோடு இணைத்து, 18 வகையாகப் பிரித்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவர் வாலண்டைன் கொனொலி 1794இல் சென்னையில் காப்பகம் ஒன்றைத் தொடங்கினார். அதுவே 1871இல் கீழ்ப்பாக்கத்திற்கு இடம்பெயர்ந்து, இன்றைய அரசு மனநலக் காப்பகமாக வளர்ந்தது. 1912ஆம் ஆண்டின் சட்டம் மனநோயாளியைச் சித்தசுவாதீனமற்றவர் என்ற அளவில் குறிப்பிட்டு, நடுவரின் ஆணையால் அடைத்துவைக்க வழிசெய்தது. அச்சட்டத்தின் கீழ் அவர் முதலில் காவலில் வைக்கப்பட வேண்டியவர், பிறகே சிகிச்சைக்குரியவர். 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மருத்துவமனைக்குத் தலைமை வகித்த மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்தார். நோயின் அடையாளங்களைக் குறைப்பதோடு நில்லாமல், நோயுற்றவர் வேலைக்கும் வீட்டுக்கும் திரும்புவதை அந்நிறுவனம் நோக்கமாகக் கொண்டது. எனினும், 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், காப்பகக் கொட்டகை ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகி மாண்டனர். இயல்பற்றவர் என்று முத்திரையிடப்பட்டவருக்கு என்ன நேரலாம் என்பதற்கு இது கொடிய சான்றாகும்.

உளநலத்தை நோயின்மை என்று மட்டும் கொள்ளாமல், தன்னளவில் ஒரு நிறைவாகக் காணும் போக்கு இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வலுப்பெற்றது. உளவியலாளர் மாரி யஹோடா 1958இல் தன்னை ஏற்றல், வளர்ச்சி, உள்ளொருமை, தற்சார்பு, மெய்ம்மையை உள்ளபடி காணல், சூழலை ஆளும் திறன் ஆகியவற்றை அதன் கூறுகளாக வகுத்தார். 1910இல் புதுச்சேரி வந்த ஸ்ரீ அரவிந்தர் இதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே, சராசரி மனித மனத்தை முடிந்த முடிபாகக் கொள்ளாது, அதற்கு அப்பாலும் வளர்ச்சிநிலைகள் உண்டு என்று எழுதியிருந்தார். அதே நேரத்தில், யோக சாதனையில் தோன்றும் காட்சிகளையும் குரல்களையும் உண்மையென நம்பித் தடுமாறும் இடைநிலை ஒன்று உண்டென்று தம் கடிதத்தில் எச்சரித்தார். ஆன்மிக அனுபவம் அனைத்தையும் நோயாகக் கொள்வதும், அனைத்தையும் புனிதமாகக் கொள்வதும் ஒருசேரப் பிழை என்பது இதனால் பெறப்படும். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு 1994இல்தான் சமய, ஆன்மிகச் சிக்கலை நோயல்லாத தனிவகையாகச் சேர்த்தது. 2002இல் புதுச்சேரியில் கூடிய இந்திய உளவியலார், இந்நாட்டு மரபுகளையும் உளவியலின் அறிவு ஊற்றாக ஏற்க வேண்டுமென்று அறிக்கை வெளியிட்டனர்.

பழைய விழுப்புரம் மாவட்டத்தின் கூவாகம், சித்திரை மாதக் கூத்தாண்டவர் திருவிழாவுக்குத் திருநங்கையர் திரளும் ஊராகும். அவர்களின் பாலின அடையாளத்தை மனநோய் அத்தியாயத்தில் வைத்திருந்த பன்னாட்டுப் பகுப்பு, 2019இல் ஏற்கப்பட்ட பதினோராம் பதிப்பில்தான் அதை அங்கிருந்து நீக்கியது. தன்பாலீர்ப்பை அமெரிக்கச் சங்கம் 1973இலும் உலக நலவாழ்வு நிறுவனம் 1990இலும் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தன. இவர்களுள் பலரின் துன்பத்திற்கு அவர்களது இயல்பைவிட அவர்கள்மீது இடப்பட்ட வரையறையே பெரிய காரணமாக இருந்தது.

இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இவ்வரலாற்றின் முக்கியத் திருப்பமாகும். சிந்தனை, மனநிலை, புலனறிவு, நினைவு ஆகியவற்றில் ஏற்பட்டு, தீர்ப்புத் திறனையோ வாழ்வின் சாதாரணத் தேவைகளை ஈடுசெய்யும் ஆற்றலையோ பெரிதும் குலைக்கும் கடுமையான கோளாறே மனநோய் என்று அது வரையறுக்கிறது. தம் சமூகத்தில் நிலவும் ஒழுக்க, பண்பாட்டு, அரசியல் மதிப்பீடுகளுக்கோ சமய நம்பிக்கைகளுக்கோ ஒருவர் இணங்காமையைக் கொண்டு அவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்று அதன் 3ஆம் பிரிவு விதிக்கிறது. முன்பு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றது மட்டுமே இன்றைய நோய்க்குச் சான்றாகாது என்றும் கூறுகிறது. 95ஆம் பிரிவு சங்கிலியிடுவதை எவ்வகையிலும் தடைசெய்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று, பாலீர்ப்பையும் பாலின அடையாளத்தையும் மருத்துவத்தால் மாற்ற முயல்வதற்குத் தடை விதித்தது; அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய சிகிச்சையைத் தொழில்நெறி மீறிய குற்றம் என்று அறிவித்தது.