வியன்னா 1902: காந்தத் தூண்டல் சிகிச்சையின் பூர்வீகம் குறித்து ஒரு மறுப்பு

தலைக்கு வெளியே வைத்த கம்பிச்சுருளால் மூளையைத் தூண்டி மனச்சோர்வைத் தீர்க்கும் டி.எம்.எஸ். சிகிச்சைக்கு எழுதப்படும் முன்வரலாறுகள் பெரும்பாலும் ஒரே வரிசையில் செல்கின்றன. 1831இல் ஃபாரடே, 1896இல் பாரிஸில் தார்சொன்வால், 1902இல் வியன்னாவில் அட்ரியன் போலாச்செக்கும் பெர்டோல்ட் பீயரும், 1985இல் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர். இவ்வரிசையின் மூன்றாம் கண்ணியை நான் ஏற்கவில்லை.

அக்கண்ணி நிலைபெற்றதில் அமெரிக்க மனநல மருத்துவர் மார்க் ஜார்ஜின் மதிப்பாய்வுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. மனச்சோர்வு சிகிச்சையாக இம்முறையை வழிப்படுத்தியவர்களில் முதன்மையானவர் அவர். ஆகவே அவர் சொல்லும் வரலாற்றையும் பிறர் கேள்வியின்றி எடுத்தாள்கிறார்கள். மனச்சோர்வுக்கும் நரம்பியக் கோளாறுகளுக்கும் மின்காந்தக் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை கோரிய வியன்னா மருத்துவர்கள் தம் காலத்தை முந்தியவர்கள் என்பதும், அக்கருவி இன்றைய சுருளை வியக்கத்தக்க விதத்தில் ஒத்திருந்தது என்பதும் அவர் வாசிப்பு. ஃப்ராய்டு வாழ்ந்த அதே நகரம் என்ற குறிப்பும் இக்கதையுடன் சேர்ந்தே வரும்.

தோற்ற ஒற்றுமையை வைத்துப் பூர்வீகம் காட்ட முடியாது. மூளையில் மின்னோட்டத்தைத் தூண்டுவது காந்தப்புலத்தின் வலிமை மட்டும் அன்று. அது எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதே முதன்மை. இன்றைய கருவி ஏறத்தாழ 100 மைக்ரோ வினாடிக்குள் 1.5 முதல் 2 டெஸ்லாவை எட்டுகிறது. அதாவது வினாடிக்குப் பதினைந்தாயிரம் டெஸ்லாவுக்குக் குறையாத மாற்ற வேகம். அக்கால மாறுதிசை மின்னோட்டக் கருவிக்குத் தாராளமாக 0.1 டெஸ்லாவும் வினாடிக்கு 50 சுழற்சியும் கொடுத்துக் கணக்கிட்டாலும், வினாடிக்கு முப்பது டெஸ்லாவை ஒட்டியே நிற்கிறது. இந்த எண்கள் என் ஊகம், அளவீடு அல்ல. ஆனால் ஊகத்தைப் பத்து மடங்கு உயர்த்தினாலும் இடைவெளி அடைபடாது. அந்தக் கருவி மூளைப் புறணியின் நரம்பணுக்களைத் தூண்டியிருக்கும் என்று கொள்ள இயற்பியலில் இடமில்லை.

பீயர் அதே 1902இல் வியன்னாவின் மருத்துவ வார இதழ் ஒன்றில் வெளியிட்ட சிறு கட்டுரையை இவ்வரலாறுகள் போதிய அளவு பொருட்படுத்தவில்லை. காந்தப்புலத்தில் ஏற்படும் அகவய ஒளியுணர்வு பற்றியது அது; தலைப்பே அதைத்தான் சொல்கிறது. தலையருகே மின்காந்தம் இயங்கும்போது கண்முன் ஒளி மினுங்குவதாக ஒருவர் உணர்கிறார். இதே மினுக்கத்தை 1896இல் தார்சொன்வாலும், 1910இல் லண்டனில் சில்வேனஸ் தாம்சனும் பதிவு செய்தனர். 1947இல் பார்லோ, கோன், வால்ஷ் மூவரும் செய்த சோதனைகள் அது விழித்திரையில் எழும் உணர்வு என்ற முடிவுக்கு இட்டுச்சென்றன. எனவே மருத்துவ உலகின் முன் பீயர் வைத்த கண்டுபிடிப்பு கண்ணைப் பற்றியது. காப்புரிமையில் கோரப்பட்டவை வேறு. அவற்றுக்கு அந்த ஒளியுணர்வு சான்றாகாது. காப்புரிமை என்பது உரிமை கோரல்; நோயாளி குணமடைந்தார் என்பதற்கான பதிவு அன்று.

பார்க்கர் வந்த வழியும் வேறு. ஷெஃபீல்டில் போல்சன், ஃப்ரீஸ்டன் ஆகியோருடன் அவர் 1982இல் காந்தத் துடிப்பால் கை நரம்பைத் தூண்டிக் காட்டினார். மெர்ட்டனும் மார்ட்டனும் 1980இல் மண்டையோட்டின் வழியே மின்சாரம் செலுத்தி மூளையைத் தூண்டியிருந்தனர், அது வலித்தது. வலியின்றி அதையே செய்வதுதான் 1985ஆம் ஆண்டு லான்செட் கட்டுரையின் சாதனை. அதில் மனநோய் எதுவும் பேசப்படவில்லை.

அப்படியானால் மனநல சிகிச்சை எப்போது தொடங்கியது? ஒரே ஆண்டைச் சொல்ல எனக்குத் தயக்கம். 1987இல் பிக்ஃபோர்டு குழு தன்னார்வலர்களிடம் தற்காலிக மனமலர்ச்சியைக் கவனித்தது; அது சிகிச்சை நோக்கில் செய்யப்பட்டது அன்று. 1993இல் பான் நகரில் ஹோஃப்லிச் குழு, மருந்துக்கு இணங்காத மனச்சோர்வு நோயாளிகள் இருவரின் உச்சந்தலையில் சுருளை வைத்துப் பார்த்தது, பலன் சொற்பம். 1995இல் ஜார்ஜ் குழு சுருளை இடது முன்நெற்றிப் புறணிக்கு மாற்றி ஆறு பேருக்குத் தினமும் தூண்டல் அளித்தது. இருவர் நன்கு தேறினர். நோக்கத்தை வைத்தால் 1993, இடத்தை வைத்தால் 1995. அந்த இடமும்கூட உறுதியாகப் பற்றிக்கொண்ட ஒன்று அன்று: இயக்கப் புறணியிலிருந்து 5 சென்டிமீட்டர் முன்னே என்ற வழக்கமான அளவுகோலை 2001இல் ஹெர்விக் குழு சரிபார்த்தபோது, 22 பேரில் 7 பேருக்கு மட்டுமே சுருள் குறித்த பகுதியில் அமைந்தது.

பழங்காலத்திலிருந்து இன்றைய சிகிச்சைக்கு வந்துசேர்ந்த ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் நைட் டன்லப்பைக் காட்டுவேன். தாம்சனுக்கு மறு ஆண்டு, 1911இல், கருவியின் இரைச்சலே ஒளி தெரிவதாகச் சொல்லத் தூண்டுகிறதோ என்று ஐயுற்று அவர் சோதனையை மாற்றியமைத்தார். அப்போதும் ஒளி தெரிந்தது. பிற்காலத்தவர் அவரிடமிருந்து கற்றார்கள் என்று நான் வாதிடவில்லை. ஆனால் அதே ஐயம் திரும்பி வந்தது. சுருள் ஒவ்வொரு துடிப்புக்கும் உரக்கச் சொடுக்குகிறது, தலையைத் தட்டுகிறது. எனவே சோதனைகளில் ஒப்பீட்டுக்கான போலிச் சிகிச்சைக்காகச் சுருளைச் சாய்த்துப் பிடித்தார்கள். 2001இல் லிசன்பி குழு குரங்குகளின் மூளைக்குள்ளேயே அளந்தபோது, அத்தகைய சில சாய்வுகளில் மூளைக்குள் கணிசமான மின்னழுத்தம் தூண்டப்படுவது தெரிந்தது.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2008 அக்டோபரில் இச்சிகிச்சைக்கு அனுமதி தந்தபோது முன்னிருந்த முதன்மைச் சோதனையில் 301 நோயாளிகள். நான்காம் வார முதன்மை அளவீட்டில் பி மதிப்பு 0.057, வழக்கமான எல்லையான 0.05ஐ அது தொடவில்லை. தோலில் உண்டாகும் உணர்வையும் போலிக்குள் கொண்டுவந்த 2010ஆம் ஆண்டு சோதனையில், 190 பேரில் முழுமையாகத் தேறியவர்கள் உண்மைத் தூண்டல் பெற்றோரில் 14.1 சதவீதம், போலி பெற்றோரில் 5.1 சதவீதம். 2018இல் முன்னாள் படைவீரர்கள் 164 பேரிடம் நடத்தியபோது அந்த விகிதங்கள் ஏறத்தாழ 41, 37 சதவீதம். போலிக் குழு இவ்வளவு தேறியதற்குத் தினமும் கிடைத்த கவனிப்பு காரணமா, சுருளின் சத்தம் காரணமா, நோயாளிகளின் தனித்தன்மை காரணமா என்பதை அந்தச் சோதனையை மட்டும் வைத்துப் பிரிக்க இயலாது.