கணக்குக் கேட்காத காலம்

தேர்தல் வந்தா திருகோணமலை டவுனில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வேட்பாளர் முகங்கள்தான். இவ்வளவு காசு எங்கிருந்து வருது என்று கேட்டா, "அது கட்சிக் காசு" என்பதோட கதை முடிஞ்சிடும். கணக்குக் கேட்கிறது புதுப் பழக்கம் என்றுதான் நாங்களும் நினைச்சிருந்தோம். ஆனால் அது பழைய பழக்கம், இடையில் நாங்கள் தொலைத்தது.

1946ஆம் ஆண்டின் நாடாளுமன்றத் தேர்தல் கட்டளையிலேயே வேட்பாளரின் செலவுக்கு உச்ச வரம்பு இருந்தது. தேர்தல் முடிந்ததும் கணக்கும் கொடுக்க வேண்டும். 1947இல் திருகோணமலையில் வென்ற எஸ். சிவபாலனும் 1977இல் வென்ற இரா. சம்பந்தனும் அந்த விதியின் கீழ்தான் போட்டியிட்டார்கள்.

1978 அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. 1981இல் வந்த புதிய தேர்தல் சட்டங்களில் செலவு வரம்பு காணாமல் போனது. அதுவும் எந்த நேரத்தில்? செலவு ஏறப்போகிற நேரத்தில். 1989 பொதுத் தேர்தலில் விருப்பு வாக்கு வந்தது. முன்பு ஒரு தொகுதிக்குள் ஓடியவர் இப்போது திருகோணமலை, மூதூர், சேருவில என்று முழு மாவட்டமும் ஓட வேண்டும். கிண்ணியாப் பாலம் இல்லாத காலம் அது. எதிர்க்கட்சியோட மட்டுமில்லை, சொந்தப் பட்டியலில் இருக்கிறவரோடும் போட்டி. காசுள்ளவர் கை ஓங்கியது.

2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம்தான் கணக்கைத் திரும்பக் கொண்டுவந்தது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபாய் என்று ஆணைக்குழு நிர்ணயித்தது. மொத்தமாக ஒரு வேட்பாளருக்கு ஏறத்தாழ 187 கோடி ரூபாய். முடிவு வந்து 21 நாட்களுக்குள் வரவையும் செலவையும் காட்ட வேண்டும். அந்த நவம்பரில் நடந்த பொதுத் தேர்தலுக்குப் பிறகு கடைசி நாள் டிசம்பர் 6. நாடு முழுக்கப் பல வேட்பாளர்கள் கொடுக்கவே இல்லை. விஷயம் பொலிசுக்குப் போனது.

கொடுத்த கணக்கு மட்டும் சரியா? வேட்புமனுவுக்கு முந்திய செலவு அதில் வராது. எழுதிக் கொடுத்ததைத் தணிக்கை செய்யவும் சட்டத்தில் ஏற்பாடு இல்லை. ஆனா ஒரு கதவு திறந்திருக்கு: கட்டணம் செலுத்தி அந்தக் கணக்குகளை யாரும் பார்க்கலாம்.

சுவரொட்டிகளை எண்ணியவர்கள் நாங்கள்தான். மேடைகளையும் வாகனங்களையும் கண்ணால் கண்டவர்களும் நாங்கள்தான். தாளில் இருக்கிறதையும் தெருவில் கண்டதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஊர்க்காரரை விட்டா யார் இருக்கு? யாரும் பார்க்க வராவிட்டால், 1981இல் போன மாதிரி இந்தச் சட்டமும் சத்தமில்லாமல் போயிடும்.