லாரிக்குக் குடையான படுதா

சேலம், நாமக்கல் சமவெளி மழைக்கு ஏங்கும் பூமி. அந்த ஊர் லாரிகளோ மழையைத் தேடிப் போகிறவை. தென்மேற்குப் பருவத்தில் இங்கே புழுதி பறக்கும்போதே, பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிய வண்டி அடைமழைக்குள் நுழைந்துவிடும். இந்த ஊர்ச் சரக்கும் ஈரம் பொறுக்காதது. இரண்டாம் உலகப்போரால் கீழைநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோது, 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்கத் தொடங்கினார்கள். வெயிலில் காயவைத்து மூட்டை பிடித்த அது நனைந்தால் பிசினாகிவிடும். சங்ககிரி சிமெண்டு நனைந்தால் கல்தான்.

அந்தச் சரக்கைக் காத்தது கனத்த பருத்திப் படுதா.

நெருக்கமாக நெய்த கான்வாஸ் நனையும்போது நூல் உப்பி, இழைகளுக்கு நடுவே உள்ள சந்து அடைபடும். அதன்மேல் மெழுகும் எண்ணெயும் ஏற்றினால் தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடும். பூஞ்சை அரிக்காமலிருக்கச் செம்பு உப்பு சேர்க்கும் முறையை 19ஆம் நூற்றாண்டிலேயே லண்டனின் வில்லெஸ்டன் ஆலை கையாண்டது. இந்தியாவிலும் இத்தகைய படுதாவுக்கு ஐ.எஸ். 2089 என்ற தரநிர்ணயம் உண்டு.

ஆனால் எந்தத் தர முத்திரையும் பராமரிப்புக்கு ஈடாகாது. மழைக்காலத்துக்கு முன்பே படுதாவை விரித்து, வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஓட்டை இருந்தால் ஊசிமுனை வெளிச்சம் காட்டிக்கொடுக்கும். லாரிப் பாடியின் விளிம்பில் உரசும் இடமும், கயிறு இறுக்கும் ஓரமும் முதலில் தேயும். தையல் வரிசையில் ஊசித்துளைகளே ஒழுகும் என்பதால் அங்கே மெழுகு தேய்க்க வேண்டும். கிழிசலுக்கு அதே கனத்தில் ஒட்டுத்துணி போட வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவினால் ஏற்றிய மெழுகு போய்விடும். எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு, ஈரத்தோடு மடித்துவைப்பது. சில நாளில் கரும்புள்ளி விழும். பிறகு நூலே இற்றுவிடும். அவசரத்தில் சுருட்டி எறிந்த படுதா அடுத்த பயணத்தில் சரக்கைக் கெடுத்துவிடும்.

பிறகு பிளாஸ்டிக் தார்ப்பாய் வந்தது. எடை குறைவு, விலையும் குறைவு. மேலே ஏறி இழுத்துக் கட்டுகிற கிளீனரின் முதுகுக்கு அது பெரிய விடுதலை. வெயிலில் காய்ந்து வெடித்ததும் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குகிறார்கள். தைத்துத் தைத்துப் பல ஆண்டு ஓட்டும் வழக்கம் அதோடு தேய்ந்தது.

நாமக்கல்லின் பாடி கட்டும் பட்டறைகளைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். அந்த வண்டிகளுக்குப் படுதா தைத்த முதியவர்களின் கைவேலையையும், அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும்.