துப்பாக்கிக்கு யார் காசு கொடுத்தது?

துப்பாக்கி வைத்துக்கொள்வது குடிமகனின் உரிமையா? அதைக் கட்டுப்படுத்த மக்களின் வரிப்பணத்தைச் செலவழிக்கலாமா? அமெரிக்காவில் இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. 1996ஆம் ஆண்டு அந்நாட்டு நாடாளுமன்றம் ஒரு நிபந்தனை விதித்தது. நோய்த் தடுப்பு மையத்துக்கு ஒதுக்கப்படும் பணத்தைத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவு திரட்டப் பயன்படுத்தக்கூடாது என்றது. அதற்குப் பயந்து ஆராய்ச்சியே முடங்கியது. மீண்டும் 2 கோடியே 50 லட்சம் டாலர் ஒதுக்க 2019 டிசம்பர் வரை ஆனது. அதே 1996இல் ஆஸ்திரேலியாவில் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்த அரசு மருத்துவ வரியை ஒருமுறை மட்டும் உயர்த்தி, அந்தப் பணத்தில் சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளை மக்களிடமிருந்து விலைக்கு வாங்கி அழித்தது.

இதெல்லாம் வெள்ளைக்காரர் நாட்டு விவகாரம், நமக்கென்ன என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பேராக் மாநிலத்தின் தென்பகுதியில், பீடோருக்கும் சிலிம் ரிவருக்கும் இடையே இருக்கிறது சுங்காய். அந்த வட்டாரத்து மலைகளும் பால்மரக் காடுகளும் இந்தக் கேள்வியை எண்பது ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்துவிட்டன. அங்கே அது மேடைப் பேச்சாக இருக்கவில்லை. உயிர்ப் பிரச்சினையாக இருந்தது.

மலை ஏறிய ஆயுதங்கள்

1942 ஜனவரி 7ஆம் தேதி சிலிம் ரிவரில் ஜப்பானிய டாங்கிகள் பிரிட்டிஷ் படையை நொறுக்கின. அடுத்த ஆண்டின் இறுதியில், பீடோருக்கு மேலே உள்ள பிளந்தான் மலை முகாமில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. பிரிட்டிஷ் தரப்பில் ஜான் டேவிஸ் முதலானோர். எதிர்த்தரப்பில் மலாயா கம்யூனிஸ்டு கட்சியினர். ஜப்பானியரை எதிர்க்கும் காட்டுப்படைக்கு பிரிட்டன் ஆயுதமும் பணமும் தரும் என்பதே அதன் சாரம். 1945இல் விமானங்களிலிருந்து துப்பாக்கிகள் காட்டில் இறக்கப்பட்டன. அவற்றுக்குக் காசு கொடுத்தவர் பிரிட்டிஷ் வரி செலுத்துவோர்.

போர் முடிந்தது. கொடுத்த ஆயுதத்தைத் திரும்ப வாங்க வேண்டும். 1945 டிசம்பரில் ஜப்பானிய எதிர்ப்புப் படை கலைக்கப்பட்டபோது, வீரர் ஒவ்வொருவருக்கும் 350 வெள்ளி உதவித்தொகை கொடுக்கப்பட்டது. ஆயுதங்களும் ஒப்படைக்கப்பட்டன. ஆஸ்திரேலியா செய்ததற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே மலாயாவில் நடந்த 'காசு வாங்கிக்கொண்டு துப்பாக்கியைக் கொடு' திட்டம் இது என்று சொன்னால் தவறில்லை. ஆனால் எல்லாத் துப்பாக்கியும் திரும்பவில்லை. எண்ணெய் பூசிப் பொதிந்து காட்டில் புதைத்தவை பல.

தோட்டத்துக்கு வந்த துப்பாக்கி

1948 ஜூன் 16ஆம் தேதி காலை, சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். எல்பில் தோட்டத்தில் ஒருவர், இன்னொரு தோட்டத்தில் இருவர். இரண்டே நாளில் நாடு முழுவதும் அவசரகாலம் பிரகடனமானது. துரைமார்கள் ஆயுதமும் காவலும் கேட்டார்கள். அரசு கொடுத்தது. தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காக்க 'எஸ்.சி.' எனப்பட்ட சிறப்புக் காவலர்கள் சேர்க்கப்பட்டனர். சில ஆண்டுகளில் அவர்கள் எண்ணிக்கை சுமார் 40,000 ஆனது. பெரும்பாலோர் மலாய் இளைஞர்கள்.

இந்தச் சம்பளம் எங்கிருந்து வந்தது? பிரிட்டிஷ் துருப்புகளின் செலவில் பெரும்பகுதியை லண்டன் ஏற்றது. போலீஸ், சிறப்புக் காவலர், மக்களைப் புதுக்கிராமங்களுக்கு மாற்றுவது ஆகிய செலவெல்லாம் மலாயா கருவூலத்தின் தலையில் விழுந்தது. அந்தச் சமயம் பார்த்துக் கொரியப் போர் மூண்டது. 1949இல் ராத்தல் 40 காசுக்கும் குறைவாக விற்ற ரப்பர், 1951இல் சராசரியாக ஒன்றரை வெள்ளியைத் தாண்டியது. ஏற்றுமதி வரி கொட்டியது. அவசரகாலத்தைத் தாங்கியது அந்தப் பணமே. விடியுமுன் பிரட்டில் நின்று, பால்மரத்தில் கோடு போட்டு, மங்கில் பால் சேர்த்த தமிழ்த் தொழிலாளியின் உழைப்பு, துப்பாக்கியாகவும் தோட்டாவாகவும் முள்கம்பி வேலியாகவும் அவனிடமே திரும்பி வந்தது.

வேலிக்கு உள்ளே வாழ்ந்தவனும் அவன்தான். காட்டுக்குச் சோறு போகக்கூடாது என்பதற்காகத் தோட்ட வாசலில் சோதனை நடந்தது. வேலைக்காட்டுக்கு மதியச் சோறு கொண்டுபோகவும் தடை வந்தது. இரவில் காட்டுக்காரன் வந்து அரிசி கேட்பான்; மறுத்தால் ஆபத்து. பகலில் போலீஸ் வந்து கேட்கும். சொன்னாலும் ஆபத்து, சொல்லாவிட்டாலும் ஆபத்து. சுங்காய்க்குத் தெற்கே தஞ்சோங் மாலிமில் 1952 மார்ச்சில் 12 பேர் பதுங்கித் தாக்கிக் கொல்லப்பட்டபோது, ஆணையர் டெம்ப்ளர் ஊருக்கே தண்டனை விதித்தார். நாளுக்கு 22 மணி நேர ஊரடங்கு. அரிசிப் பங்கீட்டில் வெட்டு. சுட்டவன் சிலர், பட்டினி கிடந்தது ஊர்.

ஒரு கைத்துப்பாக்கி, ஒரு தூக்குக் கயிறு

1948 ஜூலையில் இன்னொரு சட்டமும் வந்தது. அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தால் மரண தண்டனை. தஞ்சை மாவட்டம் தம்பிக்கோட்டையில் பிறந்தவர் எஸ்.ஏ. கணபதி. அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். 1949 மார்ச்சில் ரவாங் அருகே வாட்டர்ஃபால் தோட்டத்தில் கைத்துப்பாக்கியுடன் பிடிபட்டார். இந்திய அரசு கருணை கேட்டது. பலிக்கவில்லை. 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தைய நாள்தான் இன்னொரு தொழிற்சங்கத் தலைவரான வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

அதே சட்டத்தில் ஜொகூரில் சிக்கிய சாம்பசிவத்தின் கதை வேறு. துப்பாக்கி வைத்திருந்ததாக ஒரு குற்றச்சாட்டு, தோட்டா வைத்திருந்ததாக இன்னொன்று. தோட்டா வழக்கில் விடுதலை. துப்பாக்கி வழக்கு மறுபடி விசாரிக்கப்பட்டு மரண தண்டனை. மறுவிசாரணையில் அரசுத் தரப்பு காட்டிய வாக்குமூலத்தில் துப்பாக்கி, தோட்டா இரண்டும் இருந்தன. தோட்டா விஷயத்தில் அவர் நிரபராதி என்று தீர்ப்பாகிவிட்டதை நீதிபதிக்குத் துணையிருந்த மதிப்பீட்டாளர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. 1950இல் லண்டன் பிரிவி கவுன்சில் தண்டனையை ரத்து செய்தது. விடுதலைத் தீர்ப்பை அரசும் மதித்தே ஆக வேண்டும் என்பதற்கு அந்த வழக்கைச் சட்ட மாணவர்கள் பிற்காலத்திலும் படித்தார்கள். காமன்வெல்த் நாடுகள் பலவற்றின் நீதிமன்றங்கள் எடுத்துக்காட்டிய அந்தப் பெயர் ஒரு தமிழனின் பெயர்.

ஒரே காலம், ஒரே தோட்டம். துரையின் இடுப்பில் இருந்த துப்பாக்கிக்கு அனுமதிச் சீட்டு. காவலாளியின் தோளில் இருந்ததற்கு அரசுச் சம்பளம். தொழிலாளியின் மடியில் இருந்தால் தூக்கு. காட்டுப்படையின் துப்பாக்கிக்குப் பலியான தொழிலாளரும் உண்டு. அதனால் கட்டுப்பாடே வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் கட்டுப்பாடு எல்லார் மீதும் ஒரே மாதிரி விழவில்லை என்பதை மறைக்கவும் முடியாது.

இன்று

1960 ஜூலை 31இல் அவசரகாலம் முடிந்தது. அதே ஆண்டு வந்த ஆயுதச் சட்டம் இன்றும் இருக்கிறது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி இல்லை. அமெரிக்காவைப் போல ஆயுத உரிமை மலேசிய அரசியலமைப்பில் கிடையாது. 1971இல் துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனை கூடியது. பாதுகாப்புப் பகுதியில் ஆயுதம் வைத்திருந்தால் கட்டாய மரணம் என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நீக்கப்பட்டது. 2023 ஜூலையில் கட்டாய மரண தண்டனையே ஒழிக்கப்பட்டது. துப்பாக்கி வழக்கிலும் உயிரா, சிறையா என்று ஆளைப் பார்த்து, சூழலைப் பார்த்து முடிவு செய்யும் அதிகாரம் நீதிபதியின் கைக்குத் திரும்பியது. கணபதிக்குக் கிடைக்காத ஒன்று அது.

பேராக்கின் பழைய ரப்பர் தோட்டங்கள் பலவற்றில் இப்போது செம்பனை நிற்கிறது. முள்வேலி இல்லை, வாசல் சோதனை இல்லை. அந்தக் காலத்தைப் பார்த்த பாட்டிமார்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். வெறுங்கையோடு வேலைக்காட்டுக்குப் போன அப்பா அம்மாவைப் பற்றி அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். துப்பாக்கிக்கு யார் காசு கொடுத்தது என்ற கேள்விக்கு அரசுக் கணக்குப் புத்தகத்தில் இல்லாத பதில் அங்கே கிடைக்கும்.