டேபிளுக்குள் டேபிளுக்குள் டேபிள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் பொட்டி தட்டும் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு மக்களே. பழைய இணையப் பக்கம் எது கிடைத்தாலும் சோர்ஸைப் பிரித்துப் பார்ப்பேன். உள்ளே டேபிள், அதுக்குள்ளே டேபிள், அதுக்குள்ளே இன்னொண்ணு!

ஏன் இப்படி? கொஞ்சம் கொசுவத்தி சுத்துவோம். 1995-ல் நெட்ஸ்கேப் 1.1 டேபிளைக் கொண்டு வந்தது. ஆவடி லோக்கல் டைம்டேபிள் மாதிரி விவரங்களை வரிசையாகக் காட்டத்தான் டேபிள். ஆனால் பக்கத்தைப் பத்தி பத்தியாகப் பிரிக்க அப்போ வேறு நல்ல வழி கிடையாது. பார்டரை 0 ஆக்கினால் கோடு மறைந்துவிடும், பத்திரிகை மாதிரி பத்திகள் நிற்கும். 1996-ல் டேவிட் சீகல் எழுதிய புத்தகம் இந்த வித்தையை ஊரெல்லாம் பரப்பியது.

சிஎஸ்எஸ் யோசனையை ஹோகன் வியும் லீ 1994-லேயே சொல்லிவிட்டார். 1996 டிசம்பரில் அது தரநிலையும் ஆனது. ஆனால் ஒவ்வொரு பிரவுசரும் அதை ஒவ்வொரு விதமாகக் காட்டியதால் டேபிள்தான் தாக்குப்பிடித்தது. 2003-ல் டேவ் ஷே 'சிஎஸ்எஸ் ஜென் கார்டன்' தொடங்கினார். எச்டிஎம்எல்லில் கை வைக்காமல் ஸ்டைலை மட்டும் மாற்றி, ஒரே பக்கத்துக்கு விதவிதமா வேஷம் போட்டுக் காட்டினார்கள்.

நம்ம கதை இங்கேதான் வருது. 2004 மே மாதம் பிளாகர் புது டெம்ப்ளேட்டுகளை விட்டது. எல்லாம் சிஎஸ்எஸ், சிலவற்றைச் செய்தவர் அதே டேவ் ஷே. அப்போதுதான் பெருகிக்கொண்டிருந்த தமிழ் வலைப்பதிவர்களில் பலர் டேபிள் கட்டாமலே நேரா சிஎஸ்எஸ்ஸுக்குக் குடிவந்துவிட்டார்கள்.

அதன் அருமை ஒரு சிக்கலில் தெரிந்தது. அப்போதைய ஃபயர்பாக்ஸில், ஜஸ்டிஃபை செய்த தமிழ் உடைந்துபோகும். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். படிக்கவே முடியாது. டெம்ப்ளேட்டில் ஜஸ்டிஃபை போட்டவர்கள் ஒரே வரியை நீக்கினார்கள், பழைய பதிவெல்லாம் சேர்ந்து சரியானது. பதிவுக்குப் பதிவு உள்ளேயே போட்டவர்கள் ஒவ்வொன்றாகத் திறந்து திருத்த வேண்டியிருந்தது. 2008-ல் ஃபயர்பாக்ஸ் 3 வந்துதான் தொல்லை தீர்ந்தது.

2017 மார்ச்சில் கிரிட் முக்கிய பிரவுசர்களுக்கு வந்தது. வரிசையும் பத்தியும் திரும்பி வந்தாச்சு, ஆனால் இந்த முறை ஸ்டைலுக்குள். அதனால் டேபிள் கெட்டதுன்னு யாராவது சொன்னால் நம்பாதீங்க. ரயில் நேரத்தை டேபிளில்தான் போடணும். பார்வையற்றவருக்கு ஸ்கிரீன் ரீடர் 'வரிசை 3, பத்தி 2' என்று சொன்னால் அங்கே அது உதவி. கதை படிக்கும்போது சொன்னால் இம்சை!