நாயும் புல்லும்: ஒரு பழைய குறிப்பு

நாய் புல் மேய்ந்தால், "வயிறு சரியில்ல, வாந்தியெடுத்துத் தானே சரிபண்ணிக்கும்" என்று நம்மூரில் சொல்லாதவர் இல்லை. எவ்வளவு பழைய பேச்சு இது என்று தேடினால், கி.மு. 4ஆம் நூற்றாண்டுக்குப் போகிறது. அரிஸ்டாட்டிலின் 'விலங்குகளின் வரலாறு' 9ஆம் புத்தகத்தில் (அது அவர் எழுதியதுதானா என்று அறிஞர்களுக்குள் தகராறு உண்டு, அது தனிக்கதை) நோயுற்ற நாய் ஒருவகைப் புல்லைத் தின்று வாந்தியெடுக்கும் என்றிருக்கிறது. கொஞ்சம் தள்ளி இன்னொரு குறிப்பு: வயிற்றில் புழு இருந்தால் நாய் தானியப் பயிரைத் தின்னும். இதை யாரும் கண்டுகொள்வதில்லை.

கலிபோர்னியாப் பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தில் பெஞ்சமின் ஹார்ட் குழுவினர், புல் பூண்டு தின்னும் நாய்களை வளர்க்கும் 1,571 பேரிடம் விசாரித்து 2008ல் வெளியிட்டார்கள். தின்பதற்கு முன் அடிக்கடி நோய் அறிகுறி காட்டியவை 8 சதவீதம்தான். தின்றபின் வழக்கமாக வாந்தியெடுத்தவை 22 சதவீதம். ஆக, பெரும்பாலானவை சும்மாதான் மேய்கின்றன. ஓநாய் மூதாதைகள் குடல்புழுவை வெளியே தள்ளப் புல் தின்றிருக்கலாம், அந்தப் பழக்கத்தின் மிச்சம் இது என்பது ஹார்ட்டின் ஊகம். நாம் விட்டுவிட்ட இரண்டாவது குறிப்புக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது!

எனக்குக் கவலை, முதல் குறிப்பை நம்பிக் காத்திருப்பவர்களைப் பற்றித்தான். மாதக்கணக்கில் வாந்தியும் பேதியும் திரும்பத் திரும்ப வரும் நாயை, "புல் தின்னுது, சரியாயிடும்" என்று விடுகிறார்கள். புழுவாக இருக்கலாம், ஒத்துக்கொள்ளாத தீனியாக இருக்கலாம், கணையக் கோளாறாகக்கூட இருக்கலாம். டாக்டரிடம் போகும்போது அன்றைய மலத்தைக் கொஞ்சம் டப்பாவில் எடுத்துப் போங்கள். புழு முட்டை மைக்ராஸ்கோப்பில்தான் தெரியும்.