நீர்க்கணக்கு

ஊவா மலைச்சரிவுகளிற் கோப்பித் தோட்டங்கள் எழுந்த 19ஆம் நூற்றாண்டில், தென்னிந்தியாவினின்றும் மன்னார்க் கரையில் இறங்கிக் கண்டிச்சீமைக்குக் காட்டுவழியே நடந்தோருட் பலரை வாந்திபேதி வழியிலேயே மாய்த்தது. தொழிலாளரின் வைத்தியத் தேவைக்கென 1872இற் சட்டமொன்று பிறந்தது. பின்னர்த் தேயிலை வந்தது. பறித்த கொழுந்தை நிறுத்து இறாத்தற் கணக்கெழுதத் தவறாத தோட்டம், பேதி கண்டவன் உடல் இழந்த நீரை அளந்ததில்லை. அந்நாளைய வைத்திய உலகமே அதனைச் செவ்வனே உணர்ந்திருக்கவில்லை என்பதையும் நடுநிலையோடு சொல்லல் வேண்டும்.

உணர்ந்தவர் ஒருவர் இருந்தார். 1832இல் ஸ்கொட்லாந்தின் லீத் நகரில், தோமஸ் லாட்டா என்னும் வைத்தியர், வாந்திபேதியால் நாடி ஒடுங்கிய மூதாட்டி ஒருத்தியின் நாளத்தில் ஆறு பைந்து உப்புநீரைச் செலுத்தினார். குளிர்ந்த உடல் சூடேறிற்று, அவள் பேசினாள். ஆஸ்பத்திரி வைத்தியரிடம் அவளை ஒப்படைத்து லாட்டா அகன்றார். பேதி மீண்டது. லாட்டாவுக்குச் செய்தி சொல்வாரில்லை. ஐந்தரை மணி நேரத்தில் அவள் இறந்தாள். மருந்து பிழைக்கவில்லை, காவல் பிழைத்தது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கல்கத்தாவில் லெனாட் றொஜேர்ஸ், குருதியின் செறிவை அளந்து உப்புநீரின் அளவை வகுத்தார். 1960களில் டாக்காவில், நடுவே துளையிட்ட கட்டிலின்கீழ் வாளி வைத்து, வெளியேறிய நீரை அளந்து, அத்துணையே உட்செலுத்தினர். எளிய வாளிதான், எனினும் காப்பாற்றிய உயிர்கள் பல.

டெங்கு இக்கணக்கை இன்னும் நுட்பமாக்கியது. 2017இல் இலங்கையில் 186,000க்கு மேற்பட்டோர் அந்நோய்க்கு ஆளாயினர் எனப் பதிவாயிற்று. அதன் இடர்க்காலத்திற் குருதிநீர் நாளத்தினின்றும் கசியும். நீர் குறைந்தால் அதிர்ச்சி. மிகுந்தால் நுரையீரலைச் சூழ்ந்து மூச்சுத் திணறல். 50 கிலோகிராம் எடையுள்ளவருக்கு இடர்க்காலம் முழுமைக்கும், வாயாற் பருகுவதுஞ் சேர்த்து, ஏறத்தாழ 4,600 மில்லிலீற்றரே வரம்பென இலங்கை வழிகாட்டி வகுத்தது. சிறுநீரோ மணிக்கு 25 முதல் 50 மில்லிலீற்றர் வரை இறங்குதல் வேண்டும். ஆதலால், தீவிர சிகிச்சைப் பிரிவுத் தாதி மணிதோறும் எழுதும் தாளே வைத்தியரின் கண்.

பதுளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மடுல்சீமையினின்றும் லுணுகலையினின்றும் வருவோரிடம் இக்கணக்கை எழுதப் பழகும் தாதிக்கு அளவுக்குவளை மட்டும் போதாது. லயத்தினின்றும் வந்த தாய், பிள்ளைக்கு அன்போடு புகட்டிய கொத்தமல்லித் தண்ணீர் எத்தாளிலும் ஏறாது. அதனைக் கேட்டறியத் தமிழும் வேண்டும். அவள் அஞ்சாது சொல்லும்படி கேட்கும் குரலும் வேண்டும்.